பல மரம் வெட்டிய தச்சன்

"பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான்." என் வாழ்நாளில் இந்தப் பழமொழியை நான் கேட்ட அளவுக்கு வேறு எந்தப் பழமொழியையும் கேட்டதில்லை. இடைநிலைப்பள்ளியில் ஆசிரியர் சொன்னார். வீட்டில் பெரியம்மா சொன்னார். சென்ற ஆண்டு தொழிற்பயிற்சிக்காக நேர்முகத் தேர்வுக்குப் போனபோது, என் விண்ணப்பத்தைப் புரட்டிப் பார்த்த தமிழ் அதிகாரி ஒருவரும் சிரித்துக்கொண்டே இதைத்தான் சொன்னார். எல்லாம் தெரிந்தவனுக்கு எதுவும் தெரியாது என்பது உலகம் ஏற்றுக்கொண்ட தீர்ப்பாகிவிட்டது. அந்தத் தீர்ப்பின் மீது ஒரு மேல்முறையீடு செய்யவே இக்கட்டுரை. எனக்காகச் சாட்சி சொல்ல வருபவர் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஒரு காற்பந்து ஆட்டக்காரர். அவர் பெயர் ஸ்டீவ் நிக்கோல்.

அவரை நான் அறிந்துகொண்ட கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் படித்தது தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி. ஆறாம் ஆண்டில் இருந்தபோது பள்ளி முழுவதற்கும் சேர்த்து 63 மாணவர்கள். நம் நாட்டில் 150 மாணவர்களுக்கும் குறைவாக உள்ள பள்ளியைக் குறைந்த மாணவர் பள்ளி என்பார்கள். அப்படிப்பட்ட பள்ளியில் படித்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பேச்சுப் போட்டிக்குப் போகிறவன்தான் ஓட்டப்பந்தயத்துக்கும் போவான். தேவாரப் போட்டியில் பாடுகிறவன்தான் மறுவாரம் காற்பந்துக் குழுவிலும் நிற்பான். எழுவர் காற்பந்துக்கு ஏழு பேரைத் தேற்றுவதே ஆசிரியருக்குப் பெரும்பாடு. கோல்காவலனுக்குக் காய்ச்சல் என்றால் நான் கோல்காவலன். தாக்குதல் ஆட்டக்காரன் கோயில் திருவிழாவுக்குப் போய்விட்டால் நான் தாக்குதல் ஆட்டக்காரன். அதை நாங்கள் திறமை என்றும் நினைத்ததில்லை, குறை என்றும் நினைத்ததில்லை. ஆள் இல்லை, அவ்வளவுதான்.

பிறகு தேசிய இடைநிலைப்பள்ளி. ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள். படிவம் நான்கில் மாவட்டக் குழுவுக்கான தேர்வு நடந்தது. பாரத்தில் 'ஆடும் இடம்' என்று ஒரு கட்டம். நான் வலது தற்காப்பு, இடது தற்காப்பு, நடுத்தற்காப்பு, மத்தியத் திடல் என்று நான்கையும் நெருக்கி எழுதினேன். பொய்யில்லை, நான்கிலும் பள்ளிக்காக ஆடியிருந்தேன். பட்டியல் வந்தபோது என் பெயர் இல்லை. துணிந்து போய்க் காரணம் கேட்டேன். "உன்னை எங்கே வைப்பது என்று எங்களுக்குத் தெரியவில்லை" என்றார் தேர்வாளர். அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தானோ என்னவோ, அது இன்னும் வலிக்கிறது.

அன்றிரவு அப்பா என்னை மாமாக் கடைக்கு அழைத்துச் சென்றார். லாரி ஓட்டும் அப்பாவுக்கு லிவர்பூல் என்றால் உயிர். தே தாரே வந்து ஆறும்வரை எதுவும் பேசாமல் இருந்தவர், பிறகு சொன்னார்: "நிக்கோல்னு ஒருத்தன் இருந்தான்யா. எங்கே போட்டாலும் ஆடுவான். அவனுக்கு இடமில்லைன்னு யாரும் சொன்னதில்லை." அப்பா சொன்னது சரிதானா என்று தேடத் தொடங்கியதுதான் இந்த ஆறாண்டுப் பழக்கம்.

ஸ்டீவ் நிக்கோல் 1961 டிசம்பர் 11ஆம் நாள் ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையோரம் உள்ள இர்வின் நகரில் பிறந்தார். ஏர் யுனைடெட் என்னும் சிறிய குழுவில் வலது தற்காப்பு ஆட்டக்காரராக வளர்ந்தார். 1981இல் லிவர்பூல் நிர்வாகி போப் பெய்ஸ்லி அவரை 300,000 பவுன் கொடுத்து வாங்கினார். ஆனால் லிவர்பூலின் வலது தற்காப்பில் அப்போது பில் நீல் என்பவர் வேரூன்றி நின்றுகொண்டிருந்தார். ஆண்டுக்கணக்கில் ஓர் ஆட்டம்கூடத் தவறவிடாத மனிதர் அவர். புதிதாக வந்த இளைஞனுக்கு அங்கே இடம் ஏது?

இந்த இடத்தில்தான் நிக்கோலின் கதை நம் கதையைப் போலாகிறது. இடம் காலியாகும்வரை அவர் திண்ணையில் உட்கார்ந்திருக்கவில்லை. 1983-84 பருவத்தில் மத்தியத் திடலில் வாய்ப்புக் கிடைத்தபோது அங்கே போய் ஆடினார். 1985இல் பில் நீல் விடைபெற்ற பிறகு வலது தற்காப்பு அவர் கைக்கு வந்தது. பின்னர் தேவை ஏற்பட்டபோது இடது பக்கம் மாறினார். 1988-89 பருவத்தில் நடுத்தற்காப்புத் தூணான ஆலன் ஹான்சன் முழங்கால் காயத்தால் பெரும்பகுதி ஆட்டங்களில் களமிறங்க முடியாமல் போனபோது, அந்தத் தூணின் இடத்தில் நின்றதும் நிக்கோல்தான்.

காற்பந்து ஆடாதவர்களுக்கு இது ஒரு நாற்காலியிலிருந்து பக்கத்து நாற்காலிக்கு மாறுவது போலத் தோன்றலாம். அப்படியல்ல. ஓரத்தில் ஆடுகிறவனுக்கு ஒரு பக்கம் கோடு காவல். ஆபத்து மறுபக்கமிருந்துதான் வரும். மத்தியத் திடலில் ஆபத்து முதுகுக்குப் பின்னாலிருந்தும் வரும். வலப்பக்கம் பழகியவன் இடப்பக்கம் நின்றால் உடலைத் திருப்பும் விதமே மாற வேண்டும். கோட்டை ஒட்டி ஓடிப் பந்தை உள்ளே தூக்கிப் போட மற்றக் காலும் பேச வேண்டும். நடுத்தற்காப்பிலோ கால்களைவிடக் கண்களுக்குத்தான் வேலை அதிகம். ஓடிப் பிடிப்பது அங்கே பிறகுதான். பந்து எங்கே வரும் என்று முன்னரே தெரிந்து நிற்பதுதான் முதல் வேலை. ஒவ்வொன்றும் தனித்தனி மரம். தனித்தனி உளி.

1987 செப்டம்பர் 20ஆம் நாள் நியூகாசல் குழுவின் சொந்தத் திடலில் லிவர்பூல் 4-1 என்று வென்றது. அந்த நான்கில் மூன்று கோல்களை அடித்தவர் நிக்கோல். தற்காப்பு ஆட்டக்காரர் என்று பெயர் பெற்ற ஒருவர் முதல் பிரிவு ஆட்டமொன்றில் மூன்று கோல்! அதுவும் ஜான் பார்ன்ஸ், பியர்ட்ஸ்லி, ஆல்டிரிட்ஜ் போன்ற தாக்குதல் வீரர்கள் நிறைந்த குழுவில். அப்பா இன்றும் இதைச் சொல்லும்போது மூன்று விரல்களை உயர்த்திக் காட்டுவார்.

வெற்றிகளை மட்டும் அடுக்கினால் அது கட்டுரையாகாது, சுவரொட்டியாகிவிடும். நிக்கோலை எனக்கு நெருக்கமானவராக்கியது அவர் தவறவிட்ட ஒரு பந்து.

1984 மே 30. ரோம் நகரின் ஒலிம்பிக் அரங்கம். ஐரோப்பியக் கிண்ண இறுதியாட்டம். எதிரணி ரோமா, அதாவது எதிரியின் வீட்டுக்குள்ளேயே இறுதியாட்டம். ஆட்டம் 1-1 என்று சமநிலையில் முடிந்து, கூடுதல் நேரத்திலும் முடிவு கிடைக்காமல் பினால்டிக்கு வந்தது. பில் நீல் இருக்கிறார். குழுத்தலைவர் கிரேம் சூனஸ் இருக்கிறார். கோல் அடிப்பதையே தொழிலாகக் கொண்ட இயன் ரஷ் இருக்கிறார். ஆனால் லிவர்பூலின் முதல் பினால்டியை உதைக்க நடந்து போனவர், மாற்று ஆட்டக்காரராகக் களமிறங்கிய நிக்கோல். பந்து கம்பத்துக்கு மேலே பறந்து போனது.

அப்போது அவருக்கு வயது 22. இதை எழுதும் எனக்கும் வயது 22.

அந்த நடையை நான் பலமுறை நினைத்துப் பார்த்ததுண்டு. பாதித் திடலைக் கடந்து தனியாக நடந்து போவது ஒரு துணிச்சல். தவறவிட்ட பிறகு அதே தூரத்தை நடந்து திரும்பி வருவது வேறொரு துணிச்சல். நல்ல வேளையாக ரோமாவின் கோந்தியும் கிராசியானியும் தவறவிட்டார்கள். நீல், சூனஸ், ரஷ், ஆலன் கென்னடி நால்வரும் அடித்தார்கள். 4-2 என்று கிண்ணம் லிவர்பூலுக்கு வந்தது. குழு வென்றதால் நிக்கோலின் தவறு மன்னிக்கப்பட்டது எனலாம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்தத் தவறுக்குப் பிறகு அவர் ஒதுங்கவில்லை. அவரையும் யாரும் ஒதுக்கவில்லை. அடுத்த பத்தாண்டுகள் அதே குழுவில் ஆடினார். லிவர்பூலில் ஆடிய காலம் முழுவதையும் சேர்த்தால் ஐந்து லீக் பட்டங்கள், மூன்று எப்.ஏ. கிண்ணங்கள் அவர் கணக்கில் உண்டு. எல்லாவற்றுக்கும் கைதூக்குகிறவன் சிலவற்றில் தவறத்தான் செய்வான். கையே தூக்காதவன் தவறுவதேயில்லை.

1989ஆம் ஆண்டை இரண்டு வரியில் கடந்து போக மனம் வரவில்லை. ஏப்ரல் 15ஆம் நாள் ஷெபீல்டின் ஹில்ஸ்பரோ திடலில் எப்.ஏ. கிண்ண அரையிறுதி ஆட்டம் தொடங்கி ஆறு நிமிடங்களில் நிறுத்தப்பட்டது. பார்வையாளர் பகுதியில் ஏற்பட்ட நெரிசலில் சிக்கி இறந்தவர்கள் மொத்தம் 97 பேர். நிக்கோல் அன்று திடலில் ஆடிக்கொண்டிருந்தவர்களில் ஒருவர். மே மாதம் லிவர்பூல் எப்.ஏ. கிண்ணத்தை வென்றது, ஆறு நாள் கழித்து, கடைசி நிமிடத்தில் ஆர்சனல் அடித்த கோலால் லீக் பட்டத்தை இழந்தது. அந்தக் கனத்த ஆண்டில்தான் இங்கிலாந்தின் காற்பந்து எழுத்தாளர் சங்கம் ஆண்டின் சிறந்த ஆட்டக்காரராக நிக்கோலைத் தேர்ந்தெடுத்தது. கோல் அடித்துக் குவிப்பவருக்கும் பந்தை வைத்து மாயம் செய்பவருக்கும் போகிற விருது, காலியான இடத்தையெல்லாம் நிரப்பியவருக்குப் போனது. யாரோ சிலர் உட்கார்ந்து கவனித்திருக்கிறார்கள் என்பதே எனக்குப் பெரிய ஆறுதல்.

இனி மறுபக்கத்தையும் பார்ப்போம். இல்லாவிட்டால் இது நியாயமான வழக்காகாது.

முதலாவது, பல இடங்களில் ஆடுகிறவனை வரலாறு எளிதில் மறந்துவிடுகிறது. எண்பதுகளின் லிவர்பூல் என்றால் டால்கிலீஷ், ரஷ், ஹான்சன், பார்ன்ஸ் என்று பெயர்கள் வரும். நிக்கோலின் பெயர் வர ஐந்தாவது, ஆறாவது மூச்சு வேண்டும். இரண்டாவது, எங்கும் ஆடக்கூடியவனை எங்கும் இழுக்கலாம் என்ற எண்ணம் மற்றவர்களுக்கு வந்துவிடுகிறது. இழுக்கப்படுகிறவன் களைத்துப் போவதை யாரும் பார்ப்பதில்லை. மூன்றாவது, எல்லாவற்றையும் தொட்டுத் தொட்டு விடுகிறவர்களும் உலகில் இருக்கவே செய்கிறார்கள். அவர்களைப் பார்த்துத்தான் பழமொழியே பிறந்தது.

ஆனால் அந்தப் பழமொழியை மீண்டும் ஒருமுறை மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். பல மரம் 'கண்ட' தச்சன். அவன் மரங்களைப் பார்த்தான், வெட்டவில்லை. இது பெரிதாக இருக்கிறது, அது கோணலாக இருக்கிறது என்று தோப்பைச் சுற்றிவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பினான். பழமொழி கண்டிப்பது அவனுடைய தயக்கத்தை. பல மரங்களை வெட்டி, ஒன்றில் கதவும் ஒன்றில் கட்டிலும் ஒன்றில் ஏரும் செய்தவனைப் பற்றிப் பழமொழி ஒன்றும் சொல்லவில்லை. நாம்தான் அவனையும் இவனோடு சேர்த்துத் திட்டிக்கொண்டிருக்கிறோம்.

நிக்கோல் வெட்டிய தச்சன். அதற்கு அடித்தளம் ஒன்று இருந்தது. அவர் எங்கே நின்றாலும் முதலில் தற்காப்பு ஆட்டக்காரர். வலது தற்காப்பில் கற்ற பாடத்தை எடுத்துக்கொண்டுதான் மற்ற இடங்களுக்குப் போனார். சொந்த வீடு உள்ளவன் ஊர் சுற்றுவதற்கும் வீடற்றவன் அலைவதற்கும் வேறுபாடு உண்டல்லவா? மாவட்டத் தேர்வுப் பாரத்தில் நான் நான்கு இடங்களையும் ஒரே எடையில் எழுதியது என் பிழையாகவும் இருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. என் வீடு எது என்று நான் சொல்லவில்லை. தேர்வாளருக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

நண்பர்களே, இதைக் காற்பந்து பற்றி மட்டும் நான் சொல்லவில்லை. தமிழ்ப்பள்ளியில் தொடங்கித் தேசியப் பள்ளிக்குப் போய் இப்பொழுது பல்கலைக்கழகத்தில் இருக்கும் நம்மில் பலர் மூன்று மொழிகளில் வாழ்கிறோம். நண்பர்களோடு மலாய், விரிவுரையில் ஆங்கிலம், அம்மாவோடு தமிழ். "மூன்றும் தெரியும், மூன்றும் அரைகுறை" என்று நம்மை நாமே கேலி செய்துகொள்கிறோம். அந்தக் கேலியில் ஒரு சோம்பேறித்தனம் ஒளிந்திருப்பதாக எனக்குப் படுகிறது. அரைகுறை என்று ஒத்துக்கொண்டால் முழுமையாக்கும் பொறுப்பு போய்விடுகிறதே! மூன்று மொழிகளிலும் முழு ஆட்டம் ஆட முடியும். ஆனால் எது நம் வீடு என்பதில் தெளிவு வேண்டும். எனக்கு அது தமிழ். எந்த மொழியில் பேசினாலும் எண்ணிக்கையை மனத்துக்குள் தமிழில்தான் எண்ணுகிறேன்.

நம் மொழிக்கழகத்துக்கும் ஒரு சொல். ஒவ்வோராண்டும் செயலவையில் ஐந்தாறு பேர் இருக்கிறார்கள். நாடகத்துக்குத் திரை கட்டுவார்கள். அதே நாடகத்தில் ஆள் வராவிட்டால் வேடம் போடுவார்கள். விளம்பரத்துக்குக் கடை கடையாக ஏறுவார்கள். இந்த மலரின் எழுத்துப் பிழைகளைத் திருத்துவார்கள். ஆண்டுக் கூட்டத்தில் தலைவருக்குப் பொன்னாடை, சிறந்த நடிகருக்குக் கேடயம். இவர்களுக்குப் 'பல்வகை உதவி' என்று ஒரு பொதுச் சான்றிதழ். பல்வகை உதவி என்பது ஒரு பெயரா? என்ன செய்தார்களோ அதை எழுதிக் கொடுங்கள். பக்கம் போதாவிட்டால் பின்பக்கம் இருக்கிறது. அவர்களிடமே மீண்டும் மீண்டும் வேலையைத் தள்ளாதீர்கள் என்பது இரண்டாவது வேண்டுகோள். நிக்கோலுக்கு எந்த நேரத்திலும் ஓர் இடம்தான். ஒரே ஆட்டத்தில் நான்கு இடம் இல்லை.

அவருடைய பிற்காலம் பற்றியும் சொல்லி முடிக்கிறேன். ஸ்காட்லாந்து தேசியக் குழுவுக்கு 27 முறை ஆடினார். 1986 உலகக் கிண்ணத்தில், முதல் நிமிடத்திலேயே ஓர் ஆளை இழந்த உருகுவேக்கு எதிராக ஸ்காட்லாந்தால் ஒரு கோல்கூட அடிக்க முடியவில்லை. அன்று கிடைத்த நல்ல வாய்ப்பொன்று வீணானதும் நிக்கோலின் காலில்தான். 1995இல் லிவர்பூலை விட்டு நோட்ஸ் கவுண்டிக்கும் பிறகு ஷெபீல்டு வெட்னஸ்டேக்கும் போனார். பின் அமெரிக்கா சென்று 2002 முதல் 2011 வரை நியூ இங்கிலாந்து ரெவலூஷன் குழுவின் தலைமைப் பயிற்றுநராக இருந்தார். 2002, 2005, 2006, 2007 என நான்கு முறை அந்நாட்டு லீக் இறுதியாட்டத்துக்குக் குழுவைக் கொண்டு சென்றார், நான்கிலும் தோல்வி. 2006இல் தோற்றது பினால்டியில். 2007இல் அமெரிக்கத் திறந்த கிண்ணத்தை வென்றார். பிறகு தொலைக்காட்சி விமர்சகரானார். 2016இல் வெளிவந்த அவருடைய தன்வரலாற்று நூலின் தலைப்பில் ஐந்து லீக் பட்டங்களும் ஒரு பொட்டலம் உருளைக்கிழங்கு வறுவலும் பக்கம் பக்கமாக இருக்கின்றன. தம்மைத் தாமே கேலி செய்துகொள்ளத் தெரிந்தவர். எழுத்தாளர் சங்கத்தின் விருதைப் பற்றி அந்தத் தலைப்பில் ஒரு சொல்கூட இல்லை.

சென்ற மாதம் கல்லூரி விடுதிகளுக்கிடையிலான போட்டிக்குப் பாரம் வந்தது. அதிலும் அதே கட்டம். நான்கு இடங்களையும் எழுதினேன். பிறகு 'இடது தற்காப்பு' என்பதன் கீழே ஒரு கோடு போட்டேன். பாரத்தைப் படம் பிடித்து அப்பாவுக்கு அனுப்பினேன். "கோடு நேரா இல்லை" என்று பதில் வந்தது.